பக்கிள் வெளிப்பக்கம்

டெக்சஸில் பழைய காலத்து ஆட்களிடம் குதிரையேற்றம் கற்கப் போனால், பூட்ஸின் குதிகாலில் மாட்டும் குதிமுள்ளை அவர்களாக எடுத்துத் தரும்வரை வாய் திறந்து கேட்கக் கூடாது. கேட்டால் இன்னும் தள்ளிப்போகும். ஃபோர்ட் வொர்த்துக்கு மேற்கே, வெதர்ஃபோர்டு என்ற ஊருக்கு வெளியே எனக்குக் கற்றுக்கொடுத்த அம்மாளுக்கு அப்போதே எழுபது தாண்டியிருந்தது. மந்தையிலிருந்து ஒரு மாட்டை மட்டும் பிரித்து மறிக்கும் ‘கட்டிங்’ குதிரைகளுக்குப் பேர்போன வட்டாரம் அது. நானோ கணினி முன்னால் உட்கார்ந்தே முதுகு பிடித்துப்போன, நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த தமிழ்நாட்டுப் பெண். சேணத்தில் ஏறியதும் என் கால்கள் இரண்டும் தன்பாட்டுக்கு ஆடும். “ஹனி, உன் கால் ஓயாமல் பேசுகிறது. அது வாயை மூடட்டும், அப்புறம் பார்ப்போம்” என்பார். நான் “யெஸ் மேம்” என்பேன். அந்தப் பக்கத்தில் பெரியவர்களிடம் வேறு பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

மேற்கத்தியச் சவாரியில் லகான் ஒரே கையில் இருக்கும். நன்றாகப் பழகிய குதிரையென்றால் அது தளர்ந்தே தொங்கும்; கழுத்தில் எந்தப் பக்கம் உரசுகிறதோ அதை வைத்துக் குதிரை திரும்பிக்கொள்ளும். மாடு பிடிக்கிறவனுக்கு மறுகையில் கயிறு வேண்டும், அதற்காக வந்த ஏற்பாடு. ஆகவே மிச்சச் சேதியெல்லாம் கால்வழியாகத்தான் போக வேண்டும். பின்பாகத்தை ஒதுக்கு, பக்கவாட்டில் நட, விலாவை வளை, நின்ற இடத்தில் சுழல். முதலில் கெண்டைக்கால் கேட்கும். குதிரை செவிசாய்க்காவிட்டால் குதிகால். அதற்கும் பலனில்லை என்றால்தான் குதிமுள். அதுவும் குத்துவதில்லை, அதன் நுனியில் சுழலும் முள்சக்கரத்தைக் கீழிருந்து மேலாக ஒருமுறை உருட்டுவது. ஈ உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டத் தெரிந்த பிராணி குதிரை. அதன் விலாவுக்குச் சின்னத் தொடுதல் போதும். சினிமாவில் கௌபாய் உதைத்துக்கொண்டே பறப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். சக்கரத்தில் பல் கூடக் கூட உறுத்தல் குறையும் என்று சொன்னாலும் நம்பமாட்டார்கள். பத்துப் பல் சக்கரம் ஆறு பல் சக்கரத்தைவிடச் சாது, அழுத்தம் பல முனைகளில் பிரிந்துபோவதால்.

என் கால் ஒருவழியாக அடங்கிய இலையுதிர் காலத்தில், பாடம் முடிந்து சேணத்தை இறக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் லாயத்து அலமாரியிலிருந்து ஒரு ஜோடி குதிமுள்ளை எடுத்துவந்து என் கையில் வைத்தார். அவர் இளவயதில் போட்டது. கறுத்த இரும்பு, வெள்ளிப் பூச்சோ பூவேலையோ கிடையாது, செய்தவரின் முத்திரையும் இல்லை. குதிகாலைச் சுற்றும் பட்டையும் பின்னால் நீளும் தண்டும் ஒரே இரும்பில் அடித்தெடுத்த டெக்சஸ் வேலை. அந்த மாநிலத்துப் பழைய கொல்லர்கள் ஃபோர்டின் மாடல் டி காருடைய அச்சுத் தண்டைக்கூட இதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நல்ல எஃகு, காயலான் கடை விலை. வார் மட்டும் இல்லை. எப்போதோ மக்கி உதிர்ந்திருந்தது.

“இரும்பு என்னுடையது. தோலை நீ வாங்கு. வாங்கினதும் போட்டுக்கொண்டு ஏறிவிடாதே, என்னிடம் காட்டு” என்றார்.

குதிமுள் வாரைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். குதிமுள்ளின் பட்டை பூட்ஸின் குதிகாலைப் பின்னாலிருந்து கவ்விக்கொண்டு நிற்கும். குதிகாலுக்குச் சற்று மேலே பூட்ஸில் ஒரு சின்ன விளிம்பு துருத்திக்கொண்டிருக்குமே, அது குதிமுள் உட்காருவதற்காக வைத்தது. பட்டையின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பொத்தான். சில குதிமுள்களில் பொத்தான் அசையாது, சிலவற்றில் கீல்போல ஆடும். இந்த இரண்டு பொத்தான்களுக்கும் இடையில் புறங்காலின் குறுக்காக ஓடுவதுதான் வார். உள்பக்கப் பொத்தானில் அகலமான துண்டு மாட்டும். அது புறங்காலைக் கடந்து வெளிப்பக்கம் வந்து, அங்கே வெளிப்பொத்தானில் தொங்கும் பக்கிள் துண்டில் நுழையும். பக்கிள் எப்போதும் வெளிப்பக்கம். உள்பக்கம் வைத்தால் குதிரையின் விலாவிலும் சேணத்து வாரிலும் உரசிக்கொண்டே இருக்கும். நுனியும் பின்னோக்கிப் போய் முடிய வேண்டும். முன்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் புதரில் மாட்டும். மெஸ்கீட் முட்காட்டுக்குள் மாட்டைத் தேடிப் போகிறவனுக்கு இது அழகு சம்பந்தப்பட்ட விஷயமில்லை.

இதனால் ஒரு ஜோடி வாரில் இடதும் வலதும் ஒன்றுபோல இருக்காது, கண்ணாடியில் பார்த்ததுபோல மாறி இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மாற்றி மாட்டிக்கொண்டு திரிகிறவர்களை இன்றும் பழைய மாட்டுச்சந்தை வட்டாரமான ஃபோர்ட் வொர்த் ஸ்டாக்யார்ட்ஸில் பார்க்கலாம். அங்கே தினமும் இரண்டு வேளை நீளக்கொம்பு மாடுகளைத் தெருவில் ஓட்டிக் காட்டுவார்கள். 1999 முதல் நடக்கிற வேடிக்கை. நான் முதலில் வார் பார்க்கப் போனது அந்தத் தெருவுக்குத்தான். சுற்றுலாப் பயணிகளை நம்பியிருக்கும் கடைகளில் சுவர் நிறைய வார்கள் தொங்கின. பூக்கொடி வேலை, பாம்புத்தோல் ஒட்டு, சிவப்புக் கல் வைத்தது, முடியோடு கூடிய மாட்டுத்தோல், வெள்ளி வட்டம் பதித்தது. வெள்ளி என்று அங்கே சொல்வதில் பெரும்பங்கு ஜெர்மன் சில்வர். நம் வீட்டுக் குங்குமச் சிமிழுக்கு இருக்கிற அதே யோக்கியதை. செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான், பொட்டு வெள்ளி கிடையாது. அதில் குறையில்லை, வெள்ளியைவிட உறுதியானது. வெள்ளி விலை சொல்லாதவரைக்கும் சரி.

எல்லாமே கண்ணைப் பறித்தன. ஆனால் ஒன்றைக்கூட நான் கையில் எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போகவில்லை. அதற்குக் காரணம் என் தாய்மாமா.

மாமா சென்னை பெரியமேட்டில் ஒரு தோல் மண்டியில் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். வாணியம்பாடியிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் கட்டுக்கட்டாக வருவதைப் பிரித்து, ஒவ்வொரு தோலாகப் புரட்டி, ஒரு நொடி தடவி, ஒரு மடிப்பு மடித்து, இந்தக் குவியல், அந்தக் குவியல் என்று வீசுவார். கோடை விடுமுறையில் மாமா வீட்டுக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்திருப்பேன். “இங்க பாரும்மா, முதுகுத்தோல் சொன்ன பேச்சு கேக்கும். வயித்துத்தோல் கேக்காது” என்பார். தோலின் மேற்புறம் உள்ளே வரும்படி மடித்துக் காட்டுவார். முதுகுப் பகுதித் தோலில் மயிரிழை மாதிரி நெருக்கமான சுருக்கம் விழும். வயிற்றுப் பகுதியில் மேல்தோல் தனியே கழன்றதுபோலத் தடித்த மடிப்பாகப் புடைக்கும். மாட்டுக்கு வயிறு நிரம்பவும் வற்றவும் வேண்டும், கன்று வளர இடம் கொடுக்கவும் வேண்டும். அங்கே நார் தளர்வாகத்தான் இருக்கும். செருப்பின் உள்தோலுக்கு அது போதும். இழுபடுகிற வாருக்கு ஆகாது.

இன்னொன்றும் அங்கேதான் கற்றேன். தோல் பதனிடும் வழி இரண்டு. மரப்பட்டைச் சாற்றில் ஊறப்போடுவது பழையது. நம்மூரில் ஆவாரம்பட்டை, அப்புறம் வாட்டில் பட்டை, கடைசியில் கடுக்காய். வாரக்கணக்கில் ஆகும். மதராஸிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறிய ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்பது இதுதான். மற்றது குரோம் உப்பில் பதனிடுவது. நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் 1884-இல் காப்புரிமை வாங்கிய முறையிலிருந்து பரவியது, வேலை சீக்கிரம் முடிந்துவிடும். குரோம் தோல் மிருதுவானது, தண்ணீருக்கு அவ்வளவாக அசராது, ஆனால் இழுத்தால் நீண்டுகொடுக்கும். அச்சுக் குத்தினால் நிற்காது. பட்டைத் தோல் விறைப்பானது. ஈரமாக இருக்கும்போது எந்த உருவம் கொடுத்தாலும் காய்ந்தபின் அதை விடாது. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், பட்டைத் தோல் உள்வரை பழுப்பாக இருக்கும். சாயம் உள்ளே எட்டாத குரோம் தோலில் நடுவே நீலச் சாம்பல் கோடு ஒன்று தெரியும்.

ஸ்டாக்யார்ட்ஸ் கடையில் பளபளத்த அந்த வார்களில் பாதியை மடித்துப் பார்த்தபோது மாமாவின் குரல் கேட்டது. மேலே அச்சு இயந்திரத்தில் ஒரே அழுத்தாக அழுத்திய ரோஜா, கீழே வயிற்றுத்தோல், அடியில் தரம் தெரியாமலிருக்க ஒட்டிய ரெக்சின். நான் மடித்து மடித்துப் பார்ப்பது விற்பனைப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

அந்த அம்மாளின் லாயத்தில் என்னோடு கற்றுக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, இணையக் கடையொன்றில் இருபத்தைந்து டாலருக்கு அழகான வார் வாங்கியிருந்தாள். சில மாதங்கள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு அவளுடைய செம்பட்டைப் பெண்குதிரை இடப்பக்கம் திரும்பச் சொன்னால் வாலை முறுக்கி அடிக்க ஆரம்பித்தது. வாலைச் சுழற்றி அடிப்பது குதிரை எரிச்சலைச் சொல்கிற விதம். போட்டியில் நடுவர் அதற்கு மதிப்பெண் குறைப்பார். பல் பார்த்தார்கள், முதுகைத் தடவிப் பார்த்தார்கள், சேணத்துக் கம்பளத்தை மாற்றினார்கள். அம்மாள் ஒருநாள் வேலிமேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குதிரையை விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் பூட்ஸைப் பிடித்தார். ஒரு கால் வார் மட்டும் இழுபட்டு நீண்டிருந்தது. பட்டை விளிம்பைவிட்டு நழுவி, தண்டு கீழ்நோக்கித் தொங்கி, அவள் காலை ஒட்டும்போதெல்லாம் முள்சக்கரம் ஏடாகூடமான இடத்தில் இடித்துக்கொண்டிருந்தது. மறுகால் சரியாக இருந்தது. இரண்டு காலையும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டிருப்பதாக அவள் நம்பினாள், அவள் கால் அப்படித்தான் வைத்தும் இருந்தது. குதிரைக்குப் போய்ச் சேர்ந்த சேதிதான் இரண்டு.

ஒரே தோலின் முதுகிலிருந்து ஒரு வாரும் வயிற்றிலிருந்து ஒரு வாரும் வெட்டியிருப்பார்கள் என்பது என் அனுமானம். ஜோடியாக வாங்கும்போது இரண்டையும் தனித்தனியே மடித்துப் பார்க்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது அன்றிலிருந்துதான்.

கடைசியில் வார் கிடைத்தது ஒரு சிற்றூர்ச் சேணக்காரரிடம். தீவனக் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை, ஒரு பெரிய தையல் இயந்திரம், சுவரெல்லாம் அட்டை மாதிரிகள். போனில் கேட்டபோது விலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “எந்த பூட்ஸில் போடுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள். குதிமுள்ளைக் கொண்டுவாருங்கள். எப்போதும் போடுகிற காலுறையைப் போடுங்கள்” என்றார். அப்போதே மனத்துக்குள் அவரிடம்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

என் கால் சின்னது, புறங்கால் ஒடுங்கியது. ஆண்களுக்கான அளவில் செய்த வாரை மாட்டினால் அகலத் துண்டு புறங்காலைத் தாண்டிப் பக்கிள் வரை வந்துவிடும். கடைசித் துளைக்கும் அப்பால் இழுத்தாலும் தொளதொளவென்று நிற்கும். மிஞ்சிய நுனி சுற்றிக்கொண்டு முள்சக்கரம் வரை போகும். ‘லேடீஸ்’ என்று விற்பது பல இடங்களில் அதே வாரில் இளஞ்சிவப்புக் கல்லைப் பதித்தது, நீளம் மாறியிருக்காது. இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. பெண்கள் குதிரையேறுவது அந்த நாட்டில் புதிதா என்ன? ஃபோர்ட் வொர்த்திலேயே கௌகேர்ள்களுக்கென்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

சேணக்காரர் என் காலை ஒரு பெட்டிமேல் வைக்கச் சொல்லி, வெற்றுத் தோல்நாடாவால் பொத்தானிலிருந்து பொத்தானுக்கு அளந்தார். வார் உட்காரும் இடத்தையும் சாக்குக் கட்டியால் குறித்தார். கணுக்கால் மடியும் இடத்துக்குக் கீழே, புறங்காலின் மேட்டில். மேலே ஏறினால் ஒவ்வொரு முறை குதிகாலைத் தாழ்த்தும்போதும் மடிப்பில் அறுக்கும். கீழே இறங்கினால் முன்னால் நழுவித் தளரும். என்னுடையதில் பொத்தான்கள் அசையாதவை. ஆடும் பொத்தானென்றால் வார் தனக்கு வேண்டிய கோணத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். அசையாத பொத்தானில் கோணம் முன்பே தீர்ந்துபோன விஷயம், வாரைத்தான் அதற்கு வளைத்து வெட்ட வேண்டும். அதனால் அவர் வெட்டிய துண்டு நேராக இல்லை, லேசான பிறைபோல இருந்தது. கடையில் தொங்கியவை எல்லாம் நேர்நேராக வெட்டியவை என்பது அப்போதுதான் உறைத்தது.

தோலைப் பற்றிப் பேசும்போது அவர் அவுன்ஸில் பேசினார். அங்கே தோலின் கனத்துக்கு அதுதான் கணக்கு. ஒரு அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு. 12 அவுன்ஸ் தோல் ஐந்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒற்றைத் தோலில் செய்தால் அந்தக் கனமாவது வேண்டும் என்பார். இரண்டு மெல்லிய தோலை ஒட்டிச் சுற்றிலும் தைப்பது இன்னொரு வழி; அது இழுபடுவது குறைவு, ஆனால் தையலை நம்பியிருக்கிறது. மிசூரியின் செயின்ட் லூயிஸ் நகரில் 1881 முதல் இயங்கும் ஹெர்மன் ஓக் தொழிற்சாலையின் பட்டைத் தோலைத்தான் அவர் வைத்திருந்தார். அமெரிக்கச் சேணக்காரர்கள் அந்தப் பேரை ஒருவித மரியாதையோடு சொல்வார்கள். நான் அவர் அனுமதியோடு ஒரு ஓரத்தை உள்நோக்கி மடித்தேன். மயிரிழைச் சுருக்கம். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மாமாவைப் பற்றிச் சொன்னேன். ஆவாரம்பட்டையைப் பற்றிச் சொன்னேன். நம்மூர் மாட்டுத்தோலில் இவ்வளவு கனம் வராது என்பதையும் ஒப்புக்கொண்டேன். அதன்பிறகு அவர் என்னிடம் வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல் பேசவில்லை.

பொத்தான் துளையைப் பற்றி அவர் சொன்னது இன்றும் பயன்படுகிறது. சின்ன வட்டத் துளை, அதிலிருந்து ஒரு கீறல், சாவித்துவாரம் போல. புது வாரில் பொத்தான் சிரமப்பட்டுத்தான் நுழைய வேண்டும். கையில் வாங்கியதுமே வழுக்கிக்கொண்டு போகிறதென்றால், தோல் பழகியதும் தானே கழன்று விழும், அதுவும் பாய்ச்சலின் நடுவில். நுழையவில்லை என்று கத்தியால் கீறலை நீட்டக் கூடாது. அந்தக் கீறல்தான் பின்னாளில் கிழிசலாக ஓடும். ஈரத்துணியால் அந்த இடத்தை மட்டும் நனைத்துக் கட்டைவிரலால் நீவினால் வழிவிடும். பக்கிளுக்கான துளைகளில் நடுத்துளையில் வார் கச்சிதமாக நிற்க வேண்டும். தோல் கொஞ்சம் தளர்ந்தால் இறுக்க ஒன்றிரண்டு துளை மிச்சம், குளிர்காலத்தில் தடித்த காலுறை போட்டால் தளர்த்த ஒன்றிரண்டு துளை மிச்சம்.

மேலே என்ன வேலை வேண்டும் என்று கேட்டார். காட்டு ரோஜாக்களைச் சின்னச் சின்ன வட்டங்களாகச் சுழற்றி இடைவெளியில்லாமல் நிரப்புகிற ஷெரிடன் பாணி ஒன்றிருக்கிறது, வயோமிங்கின் ஷெரிடன் ஊரில் டான் கிங் என்ற சேணக்காரரால் புகழ்பெற்றது. அதை அட்டைப் படத்தில் காட்டினார். விலையைக் கேட்டுவிட்டுக் கூடைப் பின்னல் அச்சே போதும் என்றேன். ஈரப்பதத்தில் வைத்த தோலில் ஒரே அச்சை வரிசை பிசகாமல் மரச்சுத்தியலால் அடித்துக்கொண்டே போவது. பார்க்க எளிது. ஒரு அடி சாய்ந்தால் மொத்த வரிசையும் சாய்ந்து காட்டிக்கொடுக்கும். தையலை அவர் அந்தப் பெரிய இயந்திரத்தில் போடவில்லை, மெழுகு நூலில் இரண்டு ஊசியைக் கொண்டு கையால் போட்டார். இயந்திரத் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் பக்கத்துக் கண்ணிகளும் தளரும். கைத்தையலில் ஒரு நூல் அறுந்தாலும் எதிர்ப்பக்கத்து நூல் தாங்கிக்கொள்ளும்.

அம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பூவேலை இருக்கிறதா இல்லையா என்பதை அவர் பார்க்கவே இல்லை. என்னைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லி, மண்ணில் மண்டியிட்டு, முள்சக்கரத்தைக் கட்டைவிரலால் மேலே தள்ளினார், கீழே அழுத்தினார், இடவலமாக அசைத்தார். இரண்டு காலிலும். பிறகு வாருக்கும் பூட்ஸுக்கும் நடுவில் ஒரு விரலைச் செருகிப் பார்த்தார். “இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது. ஏறு” என்றார். பாராட்டு அவ்வளவுதான்.

வார் கச்சிதமாக இறுகியிருக்க வேண்டும் என்ற இந்தக் கொள்கையைச் சில வருஷம் வேதவாக்காக வைத்திருந்தேன். நெவாடாவின் எல்கோவுக்குப் போனபோதுதான் அதற்கு மறுபக்கம் உண்டென்று தெரிந்தது. ஜனவரிக் கடைசியில், பனி கொட்டும் பாலைநிலத்தில், 1985 முதல் அங்கே கௌபாய்க் கவிஞர்கள் கூடுகிறார்கள். மாடு மேய்க்கிறவர்கள் மேடையேறிக் கவிதை சொல்லும் கூட்டம், நம் கவியரங்கம் போலத்தான், கைதட்டல் மட்டும் குறைவு. அந்தப் பக்கத்து மேய்ப்பர்கள் தங்களை பக்கரூ என்கிறார்கள். ஸ்பானியக் கலிஃபோர்னியாவின் வக்கேரோ வழிவந்தவர்கள். அவர்கள் குதிமுள்ளில் முள்சக்கரம் பெரிது, வெள்ளி இழைத்தது, பக்கத்தில் ஆடும் சின்ன உலோகக் குண்டலங்கள் நடக்க நடக்கக் கிணுகிணுக்கும். வார் புறாச் சிறகுபோல் இரண்டாக விரிந்து புறங்காலையே மூடும். அவர்கள் அதை டெக்சஸ்காரர்களைவிடத் தளர்வாகவே போட்டிருந்தார்கள். பூட்ஸின் அடியில் குதிகாலுக்கு முன்னால் ஒரு சங்கிலி ஓடுவதால் குதிமுள் மேலே ஏறாது, அதன் எடையே அதைக் கீழே வைத்திருக்கும். டெக்சஸில் வார் செய்யும் வேலையை அங்கே சங்கிலியும் எடையும் பாதி செய்துவிடுகின்றன.

அந்த ஊர் கமர்ஷியல் தெருவில் 1929-இல் தொடங்கிய காப்ரியோலா கடை இருக்கிறது. அதற்கு முந்தைய தலைமுறையில் அங்கே கொடிகட்டிப் பறந்தவர் ஜி.எஸ். கார்சியா. அவர் செய்த சேணம் 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது. கடையில் ஒரு ஜோடி சிறகு வாரைக் கையில் எடுத்து நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு இலையின் நரம்பும் கத்தியால் தனித்தனியே கீறியது. வாங்கவில்லை. என் கறுத்த டெக்சஸ் இரும்புக்கு அதை மாட்டுவது கொட்டாய்ப் பந்தலுக்குச் சரவிளக்குப் போட்டதுபோல ஆகியிருக்கும். அதோடு, ஒரு பாணியின் வாரை மற்றப் பாணியின் குதிமுள்ளில் போட்டால் பொத்தான் கோணமும் எடையும் ஒத்துவராது. வாரை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது, குதிமுள்ளுக்கும் பூட்ஸுக்கும் காலுக்கும் சேர்த்துத்தான்.

ரோடியோவில் முரட்டுக் குதிரை ஏறுகிறவர்களின் வார் வேறு ஜாதி. எட்டு விநாடி முழுக்கக் காலை வீசிக்கொண்டே இருக்க வேண்டியவர்கள். குதிமுள் மேலேறிவிடாமல் உள்ளங்காலுக்கு அடியிலும் ஒரு கட்டுவார் போட்டுக்கொள்வார்கள். அதைப் பார்த்துவிட்டுச் சாதாரணச் சவாரிக்கும் கட்டுவார் வாங்க வேண்டாம். அங்கவடியிலிருந்து கால் சுலபமாக வெளியே வர வேண்டும் என்பதுதான் நமக்கு முதல் கவலை.

பராமரிப்பு பெரிய வித்தையில்லை. சேற்றைத் துடைத்து, சேணச் சோப்பு போட்டு, நிழலில் காய வைத்தால் போதும். மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயை வருஷத்துக்கு இரண்டொரு முறை, அதுவும் சில சொட்டு. பாசத்தில் ஊற்றினால் வார் துவண்டு நீளும். டெக்சஸ் கோடையில் பிக்கப் வண்டியின் முன்கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனவர்களின் வார் அப்பளமாக நொறுங்கியதைப் பார்த்திருக்கிறேன். பித்தளைப் பக்கிளின் அடியில் பச்சையாகப் பூக்கும் களிம்பைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துவிட வேண்டும்; தோலைத் தின்பது அதுதான். பண்ணையில் வேலை செய்கிறவர்கள் குதிமுள்ளைத் தனியாகக் கழற்றவே மாட்டார்கள், பூட்ஸோடு சேர்த்தே கழற்றிவைத்துவிடுவார்கள். அவர்கள் வாரில் ஒரே துளை மட்டும் நீண்டு முட்டை வடிவமாகியிருக்கும். அப்படியானால் அந்தத் துண்டை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. அதை மட்டும் தனியாகவும் செய்து தருவார்கள்.

என்னுடையதற்கு நூற்றிருபது டாலர் கொடுத்தேன். அப்போது அதிகமாகத் தெரிந்தது. அந்தக் கல்லூரிப் பெண் அதே காலத்தில் மூன்று ஜோடி மாற்றிவிட்டாள்.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு: கால் இன்னும் அடங்கவில்லை என்றால் வாரும் வேண்டாம், குதிமுள்ளும் வேண்டாம். அடங்கிவிட்டதென்றால் பூட்ஸ், குதிமுள், காலுறை மூன்றோடும் கடைக்குப் போங்கள். இரண்டு வாரையும் மேற்புறம் உள்ளே வரும்படி மடித்துப் பாருங்கள். பொத்தானில் மாட்டி, நடுத்துளையில் போட்டு, முள்சக்கரத்தைத் தள்ளிப் பாருங்கள். இதையெல்லாம் செய்யவிடாத கடையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.